வீட்டு மட்டம்: கடைக்கால் தோண்டும் முன்பே தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ்மட்டம், அதாவது தரைக்கு மேல் வீட்டைத் தூக்கி நிறுத்தும் அடிப்பாகம், எவ்வளவு உயரம் வைக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். "பக்கத்து வீட்டைவிட அரையடி தூக்கிடலாம் சார்" என்பார் கொத்தனார். பக்கத்து வீட்டுக்காரர் எதைப் பார்த்து வைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் அவருக்கு அடுத்த வீட்டைப் பார்த்திருப்பார்.

சுற்றியுள்ள தரையிலிருந்து குறைந்தது 450 மி.மீ., அதாவது ஒன்றரை அடி, பேஸ்மட்டம் இருக்க வேண்டும் என்கிறது தேசிய கட்டட விதித்தொகுப்பு. இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. அந்த ஒன்றரை அடியை மனைக்குள் இருக்கும் மண்ணிலிருந்து அளக்கிறார்கள். மனை ரோட்டைவிட ஓரடி பள்ளமாக இருந்தால் ரோட்டுக்கு மேல் மிஞ்சுவது அரையடிதான். அதையும் நாலு தடவை தார் போட்டே தின்றுவிடுவார்கள். பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். உள்தெருக்களில் அது நடக்கும் என்று நம்பி மட்டம் வைக்காதீர்கள். ரோட்டின் நடுவிலிருந்து அளந்து, வருங்காலத் தார் அடுக்குகளுக்கும் இடம் விடுங்கள். இரண்டரை, மூன்று அடி என்பது சென்னைப் புறநகரில் மிகையல்ல. 2015 வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் நின்ற உயரத்துக்கு அதுவும் போதவில்லை. அதனால் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பழைய குடியிருப்பாளர்களிடம் கேட்டுவிடுவது நல்லது.

சரி, உயரமாக வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா? மூன்றடி உயரத்துக்குக் கார் ஏற, எட்டடிக்கு ஓரடி வாட்டம் (சரிவு) வைத்தாலும் 24 அடி நீளம் வேண்டும். முப்பதுக்கு நாற்பது மனையில் அதற்கு எங்கே போவது? போர்டிகோவை ரோட்டுக்கு ஓரடி மேலே நிறுத்திக்கொண்டு, அங்கிருந்து நான்கு படி வைத்து வீட்டுக்குள் ஏறுவதுதான் வழி.

உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியது உண்மையில் கழிவுநீர்தான். பின்பக்க பாத்ரூமிலிருந்து தெரு மேன்ஹோல் வரை 40 அடி என்றால், அறுபதுக்கு ஒன்று வாட்டத்தில் குழாய் 8 அங்குலம் இறங்க வேண்டும். வீட்டுக் கழிவுநீர் விழும் முதல் தொட்டியான சேம்பரிலேயே குழாய் ரோட்டு மட்டத்துக்கு ஓரடி கீழே தொடங்கினால், தெருவில் அது ஓரடி எட்டு அங்குல ஆழத்தில் சேரும். மேன்ஹோலில் குழாய் சேரும் இடம் அதைவிட ஆழமில்லை என்றால் கதை முடிந்தது. மேன்ஹோல் மூடியைவிட பாத்ரூம் தரை தாழ்ந்திருந்தால் இன்னும் மோசம். கனமழையில் பாதாளச் சாக்கடை நிரம்பும்போது அது பொங்கும் இடம் உங்கள் பாத்ரூமாகத்தான் இருக்கும். ஈசானிய மூலை தாழ்ந்திருக்க வேண்டும் என்று வாஸ்து பார்த்து, சாக்கடை தென்மேற்கில் இருக்க வாட்டத்தை வடகிழக்குக்குத் திருப்பியவர்களும் உண்டு. தண்ணீருக்கு வாஸ்து தெரியாது.

இந்தக் கணக்கெல்லாம் போட்டபின், இடிபடாத ஒரு இடத்தில், காம்பவுண்ட் சுவரோ கரண்ட் கம்பமோ, பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கடைசி டைல்ஸ் வரைக்கும் எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான். ஆளுக்கு ஒரு இடத்திலிருந்து அளப்பதால்தான் ஹாலுக்கும் சமையலறைக்கும் ஒரு அங்குலம் ஏறி இறங்குகிறது. மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்பில் ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலே அளவு பொய்யாகிவிடும். இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே அளவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் நகர வேண்டும்.

பலர் கோட்டை விடுவது மாடிப்படியில். படிகளை ஆறு ஆறு அங்குலமாக கான்கிரீட் போட்டுவிடுவார்கள். பிறகு தரையில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 3 அங்குலம் ஏறும். படியில் ஏறுவதோ ஒன்றரை அங்குலம்தான். முடிவில் முதல் படி நாலரை அங்குலமாகக் குறுகிவிடும், கடைசிப் படி ஏழரையாக உயர்ந்துவிடும். ஏறுகிறவர் கால் பழக்கத்தில் ஆறு அங்குலத்துக்கே தூக்கும், அங்கேதான் தடுக்கும். வயதானவர்கள் உள்ள வீட்டில் இது சின்ன விஷயமில்லை. படிக்குக் கம்பி கட்டும் முன்பே மேலும் கீழும் எந்தத் தரை, எவ்வளவு கனம் என்று முடிவு செய்து, அதற்கேற்ப முதல் படியைக் கூட்டி, கடைசிப் படியைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். கதவு நிலை நிறுத்தும்போதும் இதே கணக்குதான். மறந்தால் கதவின் அடியைச் சீவ வேண்டி வரும்.

பேஸ்மட்டத்துக்குள் மண் நிரப்புவதை ஒரே நாளில் முடித்துவிடத் துடிப்பார்கள். மூன்றடி மண்ணை மொத்தமாகக் கொட்டித் தண்ணீர் விட்டால் மேல்பாகம் மட்டும் இறுகும். அரையடி அரையடியாகக் கொட்டி, நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு டைல்ஸைத் தட்டினால் 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் வரும். கரிசல் மண்ணும் கட்டட இடிபாடும் வேண்டவே வேண்டாம். முன்னது ஈரத்தில் உப்பும், பின்னதில் கிடக்கும் மரத்துண்டுகள் கரையானை அழைத்து வரும்.

அப்புறம் சம்ப், அதாவது தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி. அதன் வாயைப் போர்டிகோ தரையோடு சமமாக விட்டால், கார் கழுவிய தண்ணீரும் உள்ளேதான் போகும். சுற்றிலும் அரையடி தூக்கிக் கட்டி மூடி போடச் சொல்லுங்கள். வண்டி அதன் மேல் ஏறும் என்றால் சம்ப் இருக்க வேண்டிய இடமே அதுவல்ல.