குறிப்பு ஆப்புக்குச் சந்தா கட்டும் முன்: மலைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் இரண்டு துண்டுத் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ‘மேல் தோட்டம்’ என்று ஒரு வரி. அதற்குள் கவாத்து, உரம், கொளுந்து. கொளுந்துக்குள் தேதி, தேதிக்குள் ஆள்வாரியாக எடை. வேண்டாதபோது மடக்கிவிடலாம், வேண்டும்போது விரித்துப் பார்க்கலாம். இப்படி எழுத உதவும் ஆப்தான் அவுட்லைனர். நல்ல கருவி. ஆனால் அவசரப்பட்டுத் தேர்ந்தெடுத்தால் காசு போகும், சில நேரம் குறிப்பும் போகும்.

பலரும் செய்யும் முதல் தவறு, வீட்டு வைஃபையில் உட்கார்ந்து சோதிப்பது. அங்கே எல்லா ஆப்பும் நன்றாகத்தான் ஓடும். சிக்னல் விட்டு விட்டு வரும் தோட்டத்துச் சரிவிலும், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும்தான் அதன் குணம் தெரியும். ‘நெட் இல்லாமலும் இயங்கும்’ என்று போட்டிருந்தால், ஏற்கெனவே திறந்த பக்கத்தைப் படிக்க மட்டும் விடுகிறதா, எழுதவும் நகர்த்தவும் தேடவும் விடுகிறதா என்று பாருங்கள். ஏரோபிளேன் மோடைப் போட்டு, ஆப்பை முழுதாக மூடித் திறங்கள். 10 வரி எழுதி, மூன்றை உள்ளே தள்ளி, ஒரு கிளையை அப்படியே வேறு தலைப்புக்குக் கீழே நகர்த்துங்கள். போனை அணைத்துப் போட்டுப் பாருங்கள். எழுதியது இருக்க வேண்டும். அடுத்து, ஒரே குறிப்பைத் திறந்த இரண்டு போன்களிலும் நெட்டை அணைத்து, ஒரே வரியை இரண்டிலும் வேறுவேறாக மாற்றிவிட்டு நெட்டைத் திறங்கள். சில ஆப்கள் கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். கணவனும் மனைவியும் சேர்ந்து எடை எழுதும் வீட்டுக்கு அது ஆகாது.

தமிழில் எழுதுபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது தேடல். ‘கொளுந்து’ என்ற சொல்லின் முதல் எழுத்தையே பாருங்கள். யூனிகோடில் ‘கொ’வின் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கத் தெரியாத ஆப்பில், ஒரு கீபோர்டில் எழுதியதை இன்னொரு கீபோர்டில் தேடினால் ‘இல்லை’ என்றே வரும். இரண்டு கீபோர்டுகளில் எழுதித் தேடிப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

இலவசத் திட்டத்தின் வரம்பைத் தப்பாக எண்ணுவது அடுத்தது. அவுட்லைனரில் ஒவ்வொரு வரியும் ஒரு உருப்படி. கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துபவருக்கு ஒரு புக்கிங் என்றால் பெயர், அறை, முன்பணம், சாப்பாடு, வண்டி எண், 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸும் சேர்த்து 6 வரி. மாதம் 250 புது வரி வரை இலவசம் என்றால் 42-ஆவது புக்கிங்கிலேயே வரம்பு தாண்டிவிடும். சீசனில் அது நடக்கும். டைனலிஸ்ட் போன்ற அவுட்லைனர்கள் இலவசத்திலேயே வரிகளுக்கு வரம்பு வைப்பதில்லை. படம், கோப்பு ஏற்றுவது போன்ற கூடுதல் வசதிகளுக்குத்தான் காசு.

விலையை மாதக் கணக்கில் பார்க்காதீர்கள், மூன்று வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 199 ரூபாய் என்றால் 36 மாதத்தில் 7,164. அதே ஆப் வருடச் சந்தா 1,499 என்றால் 4,497. ஒரே தடவை 2,500 கட்டும் ஆப்பும் கிடைக்கிறது என்றால் கணக்கு உங்கள் கண்முன்னே இருக்கிறது. டாலரில் கட்டுவதாக இருந்தால் கார்டுக்காரர்கள் போடும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேருங்கள். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 50 டாலர் 4,250. கட்டணம் 3.5 சதவீதமானால் மொத்தம் சுமார் 4,425 ஆகிவிடும். ஒரே ஆப்புக்கு வெப்சைட்டில் ஒரு விலை, பிளே ஸ்டோரில் ஒரு விலை இருப்பதும் உண்டு. இரண்டையும் பாருங்கள்.

ஒரே ஒரு போனில் எழுதுபவர் சிங்க் வசதிக்காக, அதாவது பல கருவிகளில் குறிப்பை ஒன்றாக வைத்திருப்பதற்காகச் சந்தா கட்டுவது வீண். அப்சிடியன் போன்ற குறிப்பு ஆப்கள் குறிப்புகளைப் போனிலேயே சாதாரண உரைக் கோப்புகளாக வைக்கின்றன. சிங்க் போன்ற கூடுதல் சேவைகளுக்குத்தான் கட்டணம். மாதம் ஒருமுறை அந்த ஃபோல்டரை பென் டிரைவில் நகல் எடுத்தால் போதும். எடுக்காமல் விட்டால் போன் மழையில் நனைந்த அன்றே எல்லாம் போய்விடும்.

இலவச டிரையல் முடியும் முன் ஆப்பை அழித்துவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். நிற்காது. பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், அதற்குள் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போய் கேன்சல் செய்ய வேண்டும். யு.பி.ஐ. ஆட்டோபே (பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் அனுமதி) கொடுத்திருந்தால் யு.பி.ஐ. ஆப்பிலும் பார்த்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள். டவர் இல்லாத ஊரில் அந்த எஸ்.எம்.எஸ்.ஸை நம்பி இருக்க வேண்டாம். டிரையல் தொடங்கும் அன்றே போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

கடைசியாக, குறிப்பை வெளியே எடுக்கும் வழி. பி.டி.எஃப். தருவதை ஏற்றுமதி என்று எண்ணாதீர்கள்; அதை வேறு ஆப்பில் மடக்கி விரிக்க முடியாது. ஓ.பி.எம்.எல். இருக்கிறதா என்று பாருங்கள். அவுட்லைன்களுக்காகவே 2000-இல் அமெரிக்க மென்பொருளாளர் டேவ் வைனர் உருவாக்கிய கோப்பு வடிவம் அது. எந்த வரி எதற்குள் இருக்கிறது என்பதைக் காப்பாற்றும். படங்கள் அதில் வராது, டிக் அடித்த அடையாளம் சில ஆப்களில் காணாமல் போய்விடும். காசு கட்டும் முன்பே 20 வரியை ஏற்றுமதி செய்து வேறொரு இலவச ஆப்பில் திறந்து, நான்காம் படியில் இருந்த எடை நான்காம் படியிலேயே இருக்கிறதா, தமிழ் எழுத்து உடையாமல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைந்திருந்தால் அந்த ஆப் வேண்டாம்.