ஆயில் பிரஷர் முள் ஆடினால் இன்ஜினைப் பிரிக்காதீர்கள். முதலில் முள்ளை விசாரியுங்கள்

"மச்சான், ஆயில் பிரஷர் ஜீரோவுக்குப் போயிடுச்சுடா. வண்டிய ஓரங்கட்டிட்டேன்."

நியூஜெர்சியில் இருக்கும் நண்பன். வண்டி 1992 மஸ்தா மியாட்டா. ஐரோப்பாவில் எம்எக்ஸ்-5 என்ற பெயரில் ஓடும் அதே இரண்டு சீட் கார். இன்ஜினில் சத்தம் ஏதாவது வருகிறதா என்று கேட்டேன். இல்லையாம்.

"முள்ளு மெதுவா இறங்குச்சா, பொத்துனு விழுந்துச்சா?"

"ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினேன், பொத்துனு விழுந்துச்சு. ரெண்டு செகண்ட்ல திரும்ப நாப்பதுக்கு வந்துச்சு. அப்புறம் மறுபடியும் விழுந்துச்சு."

அந்தப் பதிலிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிட்டது. ஆனால் சனிக்கிழமை நான் போய்ப் பார்ப்பதற்குள் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில், "பேரிங் தேய்ந்திருக்கும், இன்ஜினை இறக்கித்தான் பார்க்கணும்" என்று சொல்லி அவன் தூக்கத்தைக் கெடுத்திருந்தார்கள். காரைத் தூக்கி நிறுத்தி, இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பிரஷர் சென்சாரின் வயரைப் பிடுங்கினேன். விரலெல்லாம் எண்ணெய். கனெக்டருக்குள் டெர்மினலைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, பழைய பித்தளைக் குடத்தின் அடியில் இருக்குமே, அதே மாதிரி.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் மறந்துபோவது ஒன்றுதான்: எலக்ட்ரிக் மீட்டரின் முள் எண்ணெயைப் பார்ப்பதில்லை, கரன்டைப் பார்க்கிறது. எண்ணெய்க்கும் முள்ளுக்கும் நடுவே சென்சார், கனெக்டர், வயர், எர்த், மீட்டர் என்று ஐந்து பேர் நிற்கிறார்கள். முப்பது வருஷ வண்டியில் அந்த ஐவருமே கிழடுகள். யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்காமல் இன்ஜினைக் குற்றவாளி ஆக்குவதும் தவறு. "சென்சார்தான்பா, விடு" என்று ஓட்டிக்கொண்டே போவது அதைவிடப் பெரிய தவறு.

உங்கள் மீட்டர் நிஜமானதுதானா?

இதைக் கேட்காமலே மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. 1990 முதல் 1994 வரையிலான மாடல் மியாட்டாக்களில் இருப்பது உண்மையான பிரஷர் மீட்டர். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறும், சிக்னலில் நின்றால் இறங்கும். 1995 மாடலிலிருந்து மஸ்தா அந்தச் சென்சாரை எடுத்துவிட்டு வெறும் ஆன்-ஆஃப் சுவிட்சைப் போட்டது. ஏதோ கொஞ்சம் பிரஷர் இருந்தால் போதும், முள் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். 15 பிஎஸ்ஐ (பிரஷரை அளக்கும் அலகு) இருந்தாலும் அதே இடம், 60 இருந்தாலும் அதே இடம். முள் வடிவத்தில் ஒரு வார்னிங் லைட், அவ்வளவுதான்.

1996 மாடல் வைத்திருப்பவர் "என் வண்டியில் முள் அசையவே அசையாது, இன்ஜின் கல்லு மாதிரி" என்று பெருமைப்பட்டால் சிரித்துக்கொள்ளுங்கள். அவரே முந்தைய மாடலை வாங்கினால், முள் ஏறி இறங்குவதைப் பார்த்து அலறுவார். பழைய சென்சாரை மட்டும் புது மாடலில் மாட்டினால் நிஜ மீட்டர் ஆகிவிடும் என்பதும் தப்புக்கணக்கு. மீட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

எவ்வளவு இருந்தால் சரி?

அடுத்த தவறு, ஒரு காரின் எண்ணை இன்னொரு காருக்கு வைத்துப் பார்ப்பது. முதல் தலைமுறை மியாட்டாவுக்கு மஸ்தா சொல்வது, இன்ஜின் சூடான பிறகு 1000 ஆர்பிஎம்மில் 28 முதல் 43 பிஎஸ்ஐ, 3000 ஆர்பிஎம்மில் 43 முதல் 57. பிரிட்டிஷ்காரர்களின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்கு (1962 முதல் 1980 வரை வந்தது) ஐடிலில் 10 முதல் 25, ஓட்டத்தில் 50 முதல் 80. ஆக, சூடான எம்ஜிபி சிக்னலில் நின்றபடி 15 காட்டினால் நிம்மதியாக இருக்கலாம். மியாட்டா அதே 15 காட்டினால் விசாரிக்க வேண்டும். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்ற பழைய கணக்கு அவசரத்துக்கு உதவும். அதை மேனுவலுக்குப் பதிலாக வைத்துக்கொள்ள முடியாது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 60 காட்டுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதிலும் அர்த்தமில்லை. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும். தேய்ந்துபோன இன்ஜின்கூடக் குளிரில் நல்ல பிரஷர் காட்டும். குறைந்தது இருபது நிமிஷம் ஓட்டிய பிறகு காட்டுகிற எண்தான் கணக்கு.

முள்ளின் நடை

எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட, எப்படி நடக்கிறது என்பதுதான் அதிகம் சொல்லும். பலர் "பிரஷர் குறைகிறது" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எப்போது, எந்த வேகத்தில், எந்தத் திருப்பத்தில் என்று ஒரு வாரம் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நேரான ரோட்டில், ஆர்பிஎம் மாறாமல் போகும்போது 40லிருந்து ஜீரோவுக்கும் ஜீரோவிலிருந்து 40க்கும் முள் தாவுகிறதா? எண்ணெய் அப்படித் தாவாது. அது வயர். பள்ளத்தில் மட்டும் தாவினால் நிச்சயம் கனெக்டரையோ எர்த்தையோ பாருங்கள். இண்டிகேட்டர் போடும்போது அது அணைந்து எரியும் தாளத்துக்கே முள்ளும் துடித்தால், டேஷ்போர்டு எர்த் பலவீனம். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஆடினால் சென்சாரை மறந்துவிடுங்கள், மூன்றுக்கும் பொதுவான சப்ளையில்தான் கோளாறு. 1960களின் பல பிரிட்டிஷ் கார்களில் மீட்டர்களுக்கென்று 10 வோல்ட் ஸ்டெபிலைசர் ஒன்று தனியாக இருக்கும். அது கெட்டால் அதை நம்பியிருக்கும் முள்ளெல்லாம் கூட்டாகப் பொய் சொல்லும். (எம்ஜிபியின் மெக்கானிக்கல் பிரஷர் மீட்டருக்கு எண்ணெயே நேராகக் குழாய் வழியாக வரும், அதனால் ஸ்டெபிலைசர் அதைத் தொடாது. அதற்குப் பதில் வேறு வம்பு உண்டு. இன்ஜினிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் விரிசல் விட்டு வெடித்தால், மொத்த எண்ணெயும் ரோட்டில்தான்.)

இனி, இன்ஜின் உண்மையைச் சொல்லும் நடைகள். வண்டி சூடாகச் சூடாக ஐடிலில் முள் மெல்ல மெல்லக் கீழே வந்து, ஆக்சிலேட்டரை மிதித்தால் சோம்பலாக ஏறினால் அதை வயர் என்று தள்ளாதீர்கள். தேய்ந்த பேரிங், பெட்ரோல் கலந்து நீர்த்த எண்ணெய், ரிலீஃப் வால்வில் (பிரஷர் எல்லை மீறினால் திறந்து எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வு) சிக்கிய துகள், பம்ப் என்று எதுவாகவும் இருக்கலாம். நீளமான வளைவில் திரும்பும்போது மட்டும் விழுந்து, நேரானதும் எழுந்தால் சம்ப்பில் (இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி) எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி, பம்புக்கு எண்ணெய் இழுக்கும் ஸ்ட்ரெய்னர் காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். ஸ்போர்ட்ஸ் கார்களுக்கே உரிய வியாதி இது, பேரிங்கைத் தின்றுவிடும். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும் ஆபத்துதான்: கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும், நுரையைத் தள்ளும் பம்ப் முள்ளை நடுங்க வைக்கும்.

மியாட்டாக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் தலைப்பகுதியில் "டக் டக்" என்று வரும் சத்தத்தைக் கேட்டு, "பிரஷரும் ஆடுது, சத்தமும் வருது, முடிஞ்சது கதை" என்று முடிவு கட்ட வேண்டாம். முதல் தலைமுறையில், எண்ணெயை உள்ளே நிரப்பிக்கொண்டு வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் டேப்பட்; நின்ற வண்டியில் அது வடிந்து, கொஞ்ச நேரம் தட்டும். அடியிலிருந்து வரும் கனமான இடி வேறு, இந்த டக் டக் வேறு.

சென்சாரை மாற்றுகிறேன் என்று கிளம்பினால்

புது சென்சார் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் கெடுகிறது. டெஃப்லான் டேப்பை ஐந்தாறு சுற்று சுற்றி இறுக்குகிறார்கள். பல சென்சார்களுக்கு எர்த்தே அந்த மரை வழியாகத்தான். டேப் அதைத் தடுத்தால், புது சென்சாரே பழையதைப் போல ஆடும். பிய்ந்த டேப் துணுக்கு ஆயில் வழிக்குள் போனால் அது இன்னொரு தலைவலி.

மரையும் ஊருக்கு ஊர் வேறு. ஜப்பான் கார்களில் இருக்கும் 1/8 பிஎஸ்பிடி மரைக்கு அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க 1/8 என்பிடிக்கு 27. கையால் வைத்தால் முதல் இரண்டு மூன்று சுற்று பொருந்துகிற மாதிரியே போகும். அப்புறம் ஸ்பேனர் போட்டு இறுக்கினால் "ஏறிடுச்சு" என்று தோன்றும். ஏறவில்லை, மரையைத் தின்றிருக்கிறது. இந்தத் தவறை நானே செய்தவன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போர்ஷே 944 போன்ற ஜெர்மன் கார்களில் இரண்டு டெர்மினல் உள்ள சென்சார் வரும். 'ஜி' என்று போட்டிருப்பது மீட்டருக்கு, 'டபிள்யூகே' என்பது வார்னிங் லைட்டுக்கு. இரண்டு வயரையும் மாற்றி மாட்டிவிட்டு, லைட் ஏன் எரிகிறது, முள் ஏன் இப்படி நிற்கிறது என்று புலம்புவது சகஜம்.

வயரைக் கழற்றி பாடியில் தொட்டுப் பார்க்கும் பழைய சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜெர்மன் கம்பெனியான விடிஓவின் வகை சென்சார், பிரஷர் இல்லாதபோது சுமார் 10 ஓம், முழு அளவில் சுமார் 180 ஓம் காட்டும். அதனால் வயர் அறுந்தால் முள் உச்சிக்குப் போகும், எர்த் ஆனால் ஜீரோவுக்கு வரும். கடைகளில் விற்கும் பல அமெரிக்க மீட்டர்கள் 240லிருந்து 33 ஓம், அப்படியே தலைகீழ். ஒன்றின் மீட்டருக்கு இன்னொன்றின் சென்சாரைப் போட்டால் எண்ணெய் குறையக் குறைய முள் ஏறுகிற விசித்திரத்தையும் பார்க்கலாம். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் சோதித்தால், நல்ல மீட்டரைக் கெட்டது என்று எழுதிவிடுவீர்கள். பைமெட்டல் வகை (சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை முள்ளை நகர்த்துவது) மீட்டராக இருந்தால் வயரை நேரடியாக எர்த்தில் வைத்துக்கொண்டே நிற்காதீர்கள், உள்ளே இருக்கும் ஹீட்டர் கம்பி கருகிவிடும்.

இன்னொன்று: பித்தளை டி-ஜாயின்ட் போட்டு, அதன் நுனியில் கனமான சென்சாரைத் தொங்கவிடுவது. நாலு சிலிண்டர் இன்ஜினின் அதிர்வில் ஒருநாள் அது கழுத்தில் முறியும். ஹோஸ் வைத்துச் சென்சாரைத் தள்ளி மாட்டுவது நல்லதுதான். ஆனால் அப்போது மரை வழி எர்த் கிடைக்காது, தனியாக ஒரு எர்த் வயர் இழுக்க வேண்டும்.

அளக்காமல் பேசக் கூடாது

சந்தேகம் தீர ஒரே வழி, சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் மெக்கானிக்கல் மீட்டரை மாட்டுவது. வயரும் கிடையாது, எர்த்தும் கிடையாது. எண்ணெயே முள்ளைத் தள்ளும். குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நைலான் என்றால் உருகும். குளிரில் ஒரு தடவை, நன்றாகச் சூடானபின் ஐடிலில் ஒரு தடவை, 3000 ஆர்பிஎம்மில் ஒரு தடவை குறித்துக்கொண்டு மேனுவலோடு ஒப்பிடுங்கள். அங்கே எண் சரியாக இருந்தால் இன்ஜினை விட்டுவிட்டு வயர் பக்கம் வரலாம். அங்கேயும் குறைந்தால், அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் சம்ப்பைத் திறக்க வேண்டியதுதான்.

அளக்காமலே 20டபிள்யூ-50 என்ற கெட்டி எண்ணெயை ஊற்றி முள்ளை ஏற்றிவிட்டு, "சரியாயிடுச்சு" என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பம்ப் தருவது ஓட்டம். அந்த ஓட்டம் போகிற வழியில் படுகிற தடைதான் பிரஷர். கெட்டி எண்ணெய் தடையைக் கூட்டும், முள் ஏறும், தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே இருக்கும். குளிர்காலக் காலையில் அந்தக் கெட்டி எண்ணெயில் ஒரு பங்கு ரிலீஃப் வால்வைத் திறந்துகொண்டு வந்த வழியே திரும்பிவிடும்.

நண்பனின் மியாட்டாவுக்கு வருவோம். மெக்கானிக்கல் மீட்டரில் சூடான ஐடில் 29, 3000 ஆர்பிஎம்மில் 52. இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. கனெக்டரைச் சுத்தம் செய்து, ஆன்லைனில் வாங்கிய சென்சாரை நானே மாட்டிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடி போன். "ஹைவேல ஏறுற வளைவுல மட்டும் முள்ளு விழுதுடா. புது சென்சாரும் டுபாக்கூர் போல, பரவாயில்ல, ஓட்டிட்டே இருக்கேன்." வளைவில் மட்டும் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வண்டியை எடுக்காதே, டிப்ஸ்டிக்கைப் பார் என்றேன். நுனியில்கூட எண்ணெய் இல்லை. அடியில் படுத்துப் பார்த்தால், நான் போட்ட சென்சாரின் கழுத்திலிருந்து சொட்டு சொட்டாக வடிந்து, கீழே கிராஸ்மெம்பர் முழுக்கக் கறுப்பு. பாக்கெட்டில் மியாட்டாவுக்கு என்றுதான் போட்டிருந்தது, மரை என்பிடி. நல்லவேளையாகப் பிளாக் வார்ப்பிரும்பு, மரை பெரிதாகக் கெடவில்லை. மஸ்தாவின் சொந்த சென்சாரை வரவழைத்து மாட்டி, எண்ணெயை நிரப்பி, அதே வளைவில் மூன்று தடவை சுற்றினோம். முள் ஐம்பதை விட்டு நகரவில்லை.