அமிர்தி அருவியும் படவேடும்: அரை நாளில் சொதப்பாமல் போய்வர

வேலூருக்கு விருந்தாளி வந்தால் மூன்றாவது நாள் காலையில் ஒரு கேள்வி வரும்: "பக்கத்துல எங்கயாவது போய்ட்டு மதியத்துக்குள்ள வந்துடலாமா?" கோட்டையையும் ஸ்ரீபுரத்தையும் ஏற்கெனவே பார்த்து முடித்திருப்பார்கள். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து, ரிப்போர்ட்டுக்காக இரண்டு நாள் லாட்ஜில் காத்திருப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். என் பதில் பெரும்பாலும் அமிர்தி அருவியும் படவேடும்தான். ஒன்று ஜவ்வாது மலை அடிவாரக் காட்டில், வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர் வாக்கில். இன்னொன்று சம்புவராயர்களின் பழைய தலைநகரம், அதே திருவண்ணாமலை சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போய்ச் சந்தவாசல் பக்கம் திரும்பினால் வரும். ஒரு வண்டியும் வழி தெரிந்த ஒரு கைடும் இருந்தால் அரை நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். ஆனால் போய்வந்தவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு குறையோடுதான் திரும்புகிறார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு, அருவிக்கு முதலில் போவது. அது பக்கத்தில் இருக்கிறது, குழந்தைகள் கேட்கிறார்கள், வண்டிக்காரருக்கும் சுலபம். ஆனால் கணக்கு அங்கேதான் உதைக்கும். அமிர்தியில் அருவிக்குப் போகும் வழி வனத்துறையின் சிறு உயிரியல் பூங்காவை ஒட்டியது. அது அலுவலக நேரத்தில் திறக்கும் இடம், விடியற்காலையில் போய்க் கதவைத் தட்ட முடியாது. திறந்தபின் உள்ளே போய், மானையும் மயிலையும் பார்த்து, காட்டுப் பாதையில் நடந்து, தண்ணீரில் இறங்கினால் பிள்ளைகளை வெளியே கொண்டுவருவது தனிப் போராட்டம். அதற்குள் பதினொன்றரை. படவேட்டிலோ கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். பெரிய கோயிலாவது கொஞ்சம் தாமதிக்கும். சின்னக் கோயில்களில் அர்ச்சகர் பூட்டிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார்.

எங்கள் அத்தைக்கு அதுதான் நடந்தது. சென்னையிலிருந்து குடும்பமாக வந்திருந்தார்கள், கார்த்திகை மாதம், அருவியில் நல்ல தண்ணீர். கூட வந்த கைடு "கோயில் எங்கயும் போயிடாதும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். படவேடு யோக ராமர் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஆகப்போகிறது. கம்பிக் கதவில் பூட்டு. அத்தை ஈரத் தலையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்க்கிறார். வெளிச்சம் முன் மண்டபத் தூண்வரைதான் போயிற்று. "என்னப்பா, இவ்ளோ தூரம் வந்து தூணைப் பாத்துட்டுப் போறேன்" என்றார்.

பூட்டுக்குள் இருந்தது சாதாரணக் காட்சி இல்லை. வேறெங்கும் ராமர் வில்லோடு நிற்பதைத்தான் பார்த்திருப்போம். இங்கே உட்கார்ந்திருக்கிறார். கையில் வில்லும் இல்லை, அம்பும் இல்லை. வலக்கை நெஞ்சருகே சின்முத்திரை காட்டுகிறது. எதிரே அனுமன் ஓலைச்சுவடியை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார், ராமர் பொருள் சொல்வதுபோல. போர் முடிந்து ஆசிரியராகிவிட்ட ராமர். இதற்காகவே படவேடு போகலாம் என்பேன்.

எனவே வரிசையை மாற்றுங்கள். காலை ஆறுக்கெல்லாம் வேலூரை விட்டுக் கிளம்பி, பாகாயம், அடுக்கம்பாறை, கணியம்பாடி, கண்ணமங்கலம் தாண்டி நேராகப் படவேடு. ஏழு, ஏழரைக்குள் ரேணுகாம்பாள் கோயிலில் இருந்தால் கூட்டமும் இல்லை, வெயிலும் இல்லை. பத்து மணிக்கு அங்கிருந்து கிளம்பினால் திரும்பும் வழியில் அமிர்தி. வெயில் ஏறும் நேரத்தில் தண்ணீரில் இருப்பீர்கள். வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஈரத் துணியோடு கோயிலுக்குள் போகும் சங்கடமும் இல்லை.

அடுத்த தவறு, படவேட்டை ஹம்பி மாதிரி எதிர்பார்ப்பது. 'இடைக்காலத் தலைநகரம்' என்று கைடு சொன்னதும் அரண்மனை, மதில், கடைவீதி எல்லாம் மனத்தில் வந்துவிடுகிறது. போய் இறங்கினால் நெல் வயலும் வாழைத் தோப்பும். ஊர் முழுக்கக் கோயில்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கின்றன. பலர் ரேணுகாம்பாள் சன்னிதியில் தேங்காய் உடைத்துவிட்டு "அவ்வளவுதானா?" என்று வண்டி ஏறிவிடுகிறார்கள். அந்தக் கோயில் சக்தி தலமாகப் பெரும் பேர் பெற்றது. கருவறையில் அம்மனின் சிரசைத்தான் தரிசிக்கிறோம், பரசுராமர் கதையின் ரேணுகாதேவி. ஆனால் தலைநகரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை அனுப்பிவிடாமல் ஊருக்குள் சுற்ற வேண்டும். ராமர் கோயில், அம்மையப்பர் கோயில், வரதராஜர் கோயில் என்று நான்கு இடமாவது.

கதையும் தெரிந்திருந்தால்தான் அந்த வயல்வெளி பேசும். சம்புவராயர்கள் முதலில் சோழர்களுக்கு அடங்கிய தலைவர்கள். 'செங்கேணி' என்பது கல்வெட்டுகளில் அவர்கள் பேரோடு வரும் குடிப்பெயர். 13ஆம் நூற்றாண்டில் சோழர் கை தளர்ந்ததும் இவர்கள் கை ஓங்கியது, 14ஆம் நூற்றாண்டில் தனியாட்சி நடத்தினார்கள். விஜயநகரத்துப் புக்கரின் மகன் குமார கம்பணன் தெற்கே வந்தபோது முதலில் மோதியது இவர்களோடுதான். அவன் மனைவி கங்காதேவி வடமொழியில் எழுதிய 'மதுரா விஜயம்' இந்தப் போரைப் பாடுகிறது. சம்புவராயன் ராசகம்பீரன் மலைக் கோட்டைக்குள் போய் ஒதுங்கியதாகச் சொல்கிறது. படவேட்டுக்கு மேலே நிற்கும் மலைதான் அது. அரசு போனாலும் ஊர்ப் பேர் போகவில்லை, விஜயநகரத்தார் இந்தப் பகுதியைப் 'படைவீட்டு ராஜ்யம்' என்றே அழைத்தார்கள்.

படை தங்கிய வீடு, அதாவது பாசறை. பேச்சில் தேய்ந்து படவேடு ஆயிற்று. "அப்போ இது முருகனோட ஏழாவது படைவீடா?" என்று வருடத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார். இல்லை.

கைடு சொல்வதை எல்லாம் அப்படியே நம்புவதும் எதையும் நம்பாமல் இருப்பதும் ஒரே அளவு தவறு. இங்கே 1008 சிவன் கோயிலும் 108 பெருமாள் கோயிலும் இருந்தன என்று சொல்வார்கள். அது ஊர் வழக்கு, எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை. ஆனால் கோயில்கள் மண்ணுக்குள் புதைந்து கிடந்தன என்று சொல்லும்போது சிரிக்காதீர்கள். மண்மூடிப் புதர் மண்டிக் கிடந்த பல கோயில்கள் கடந்த சில பத்தாண்டுகளில்தான் தோண்டியெடுத்துத் திருப்பணி செய்யப்பட்டன. கைடிடம் "இந்தக் கோயில் முன்னாடி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். உள்ளூர்க்காரராக இருந்தால் மனப்பாடக் கதையை விட்டுவிட்டுச் சொந்தக் கதைக்கு வந்துவிடுவார். அங்கிருந்துதான் கேட்கத் தக்கது ஆரம்பிக்கும்.

இந்த ஊர் இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. பழைய வடஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தபோது அந்தப் பக்கத்துக்கு வைத்த பெயரே திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். பெயரின் பின்பாதி பிற்பாடு உதிர்ந்துவிட்டது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடி வெள்ளியில் படவேடு போனால் நீங்கள் பார்ப்பது ஜனத்திரளைத்தான். வேண்டுதல் இருந்தால் சரி, சுற்றிப்பார்க்க அல்ல. பௌர்ணமி அன்று இந்தச் சாலை கிரிவலத்துக்குப் போகிறவர்களுடையது, திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். உயிரியல் பூங்கா என்றாலே வாரத்தில் ஒரு நாள் விடுமுறை இருக்கும், முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். அன்று மதியம் ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தால் தயவுசெய்து கிளம்பவே வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் அருவி பார்க்கப் போகாதீர்கள். தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கிண்டல் செய்வார்களே, அந்தப் பட்டியலில் அப்போது அருவியையும் சேர்த்துக்கொள்ளலாம். வெறும் பாறைதான் இருக்கும். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை நாலு நாள் தொடர்ந்து பெய்தால் கொஞ்சம் ஓடும். ஐப்பசி, கார்த்திகைதான் அதற்குரிய காலம். அதிலும் அடைமழைக்கு மறுநாளே ஓடாதீர்கள், வெள்ளம் அதிகமானால் உள்ளே விடமாட்டார்கள். மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் போனால் தண்ணீரும் இருக்கும், தெளிவாகவும் இருக்கும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அமிர்தி சின்ன அருவிதான், பார்த்தால் பயம் வராது. அதுதான் தொல்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும், மேலே ஜவ்வாது மலையில் மழை பெய்துகொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் இறங்கி வரக் கொஞ்ச நேரம் ஆகும், வந்தால் சொல்லாமல் வரும். முதல் அடையாளம் நிறம். தெளிந்த தண்ணீர் திடீரென்று டீ நிறத்துக்கு மாறும். அப்புறம் சருகும் சுள்ளியும் மிதந்து வரும், சத்தம் கனக்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் துண்டைக்கூடத் தேடாமல் கரையேறிவிட வேண்டும், அதுவும் நீங்கள் வந்த பக்கத்துக் கரையில். பக்கத்தில் இருக்கிறதென்று எதிர்க்கரையிலோ நடுப்பாறையிலோ ஏறி நின்றால், தண்ணீர் வடியும்வரை அங்கேயேதான் நிற்க வேண்டும். குழுவோடு போகும்போது எல்லோரும் இறங்குவதற்கு முன் "ஏதாவதுன்னா இந்தப் பக்கம்" என்று கைடு கையைக் காட்டிச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். அதைக் கேட்டு முறைக்கிற கைடு உங்களுக்கு வேண்டாம்.

மேலேயிருந்து குதிப்பது வேண்டவே வேண்டாம். மழைக்கு மழை அடியில் உருண்டு வந்த கல் இடம் மாறியிருக்கும். போன வருடம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வருடம் பாறை இருக்கலாம். ஹவாய் செருப்பு பாசியில் வழுக்கும், வெறுங்கால் என்றால் எவனோ உடைத்துப் போட்ட பாட்டில் சில்லு. பின்வார் வைத்த செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பையை ஜிப் போட்டு யாராவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குரங்கு பிரித்துப் பரிமாறிவிடும். வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்குவதும் நல்லதல்ல. ஆம்பூர் எங்கும் ஓடிப்போகாது.

பேராசையும் ஒரு தவறுதான். "வழியிலதானே" என்று கைடு ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். ஜமுனாமரத்தூர் பக்கத்துப் பீமன் அருவி, காவலூர் வானாய்வகம், செண்பகத்தோப்பு அணை, கோட்டைமலை மேல் வேணுகோபால சுவாமி. ஒவ்வொன்றும் நல்ல இடம், ஆனால் முதல் இரண்டுக்கும் மலை ஏறி இறங்கவே பொழுது போய்விடும். கோட்டைமலைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். விரிஞ்சிபுரத்தையும் சிலர் சேர்க்கப் பார்ப்பார்கள். அது வேலூருக்கு மேற்கே பெங்களூர் சாலையில், திசையே வேறு. எனக்கு அந்தக் கோயில் மிகவும் பிடிக்கும். மதிலழகுக்குப் பேர்போன ஊர். அங்கே 1425ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது: படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் கூடி, இனிக் கல்யாணத்துக்குப் பொன் வாங்குவதும் கொடுப்பதும் கூடாது, பெண்ணைக் கன்னிகாதானமாகத்தான் தர வேண்டும் என்று செய்துகொண்ட ஒப்பந்தம். அறுநூறு வருடம் ஆகிறது, நாம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அதை இன்னொரு காலையில் நிதானமாகப் பாருங்கள்.

கடைசியாகக் காசு. "அரை நாள்" என்று வாய்வார்த்தையாகப் பேசி முடிக்காதீர்கள். லாட்ஜ் வாசலில் ஏறியதிலிருந்தா, ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கா, எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா உள்ளே வருமா, பார்க்கிங்கும் நுழைவுச் சீட்டும் யார் கணக்கு என்று கிளம்புவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். கைடும் டிரைவரும் ஒருவரேயா என்பதையும் கேளுங்கள். ஒருவரே என்றால் அருவிக்கு உங்களோடு நடந்து வருவாரா, வண்டியில் தூங்குவாரா என்று தெளிவாகிவிடும்.

அப்புறம் ஒரு பழைய பெட்ஷீட். திரும்பும்போது ஈரத்தோடு சீட்டில் உட்கார்ந்தால் டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருவார், கண்ணமங்கலம் கூட்டுரோட்டில் டீக்கு நிறுத்தச் சொன்னாலும் காதில் விழாது.