இறால் குளத்தில் மருந்து: எதிர்ப்பு மரபணு பரவ வழிவிடும் தவறுகள்

தீவனம் தின்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் செக் ட்ரேயில் நாலு இறால் செத்துக் கிடந்ததும், என்ன நோய் என்று பார்க்காமலேயே தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதுதான் முதல் தவறு. வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது. எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. ஆனால் குளத்திலுள்ள விப்ரியோ என்ற பாக்டீரியாக் கிருமிகளைத் தொடும்; சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது. குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் மருந்துகளுக்கோ இறால் வளர்ப்பில் தடையே உண்டு.

"கிருமி செத்தால் தீர்ந்தது" என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. மருந்தை எதிர்க்கும் மரபணு ஒரு கிருமியோடு பிறந்து அதோடு மடிவதில்லை. பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையமாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களும் அதைச் சுமந்து போகும். செத்த கிருமியிலிருந்து சிந்திய டிஎன்ஏவைக்கூடப் பக்கத்துக் கிருமி உறிஞ்சிக்கொள்ளும்.

இந்த மூன்றாவது வழி இறால்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. இறால் ஓட்டில் இருப்பது கைட்டின் என்ற கெட்டியான பொருள். விப்ரியோ வகையைச் சேர்ந்த காலரா கிருமி கைட்டின்மேல் ஒட்டி வளரும்போது வெளி டிஎன்ஏவை உள்ளே இழுக்கும் திறனைப் பெறுகிறது. அதன் உறவான வேறு சில விப்ரியோக்களும் அப்படித்தான். இறால் கழற்றிய ஓடும் தின்னாத தீவனமும் சேர்ந்த கறுப்புச் சேறு அவற்றுக்குச் சந்தைக்கடை மாதிரி. குளத்தை வற்றவைத்து, அந்தச் சேற்றை அள்ளாமல் அடுத்த பட்டத்துக்குத் தண்ணீர் விடாதீர்கள். அள்ளியதை ஓடையில் தள்ளவும் கூடாது. அடிமண் பாளம்பாளமாக வெடிக்கும்வரை காயட்டும்.

1992-ல் சென்னையில் தலைகாட்டிய ஓ139 காலரா வகையில் எஸ்எக்ஸ்டி என்ற தாவும் மரபணுத் துண்டு இருந்தது. சல்ஃபா, டிரைமெத்தோபிரிம், குளோராம்பெனிக்கால், ஸ்ட்ரெப்டோமைசின் என நாலு மருந்துக்கான எதிர்ப்பும் அந்த ஒரே மூட்டையில். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் பட்டு டிஎன்ஏ சேதமானால் இந்தத் துண்டு இன்னும் வேகமாகத் தாவும். அதனால் "கொஞ்சமாகப் போட்டால் கெடுதல் இல்லை" என்பது ஆபத்தான கணக்கு. கொல்லாத அளவு மருந்து, எதிர்ப்புள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும்.

ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் வேறு மாதிரி ஏமாற்றும். கடல்நீரிலுள்ள மக்னீசியமும் கால்சியமும் அதைப் பிடித்துக்கொள்வதால் வீரியம் குறையும்; மீதி சேற்றில் தங்கும். பலன் தெரியவில்லையே என்று அளவைக் கூட்டினால் சேற்றில் தங்குவதுதான் கூடும்.

ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு காப்பர் சல்ஃபேட்டை அள்ளிக் கொட்டுவதும் சரியல்ல. செம்பைத் தாங்கும் மரபணுவும் மருந்தை எதிர்க்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில் இருந்தால், ஒன்றுக்கு இடம் கொடுத்தால் மற்றதும் கூடவே வரும்.

நோய் கண்ட குளத்தின் மதகை உடனே திறந்துவிடாதீர்கள். ஆழமில்லாத பாக் விரிகுடாவில் விடும் அதே தண்ணீரைத்தான் அடுத்த பண்ணை பம்ப் போட்டு இழுக்கிறது. செத்த இறாலைச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். தண்ணீருக்கு பிளீச்சிங் பவுடர் 60 பிபிஎம், அதாவது ஆயிரம் லிட்டருக்கு 60 கிராம்: ஒரு ஹெக்டேர், ஒரு மீட்டர் ஆழம் என்றால் 600 கிலோ. சேறு கலங்கியிருந்தால் குளோரினை அதுவே தின்றுவிடும்; தெளியவிட்டுப் போடுங்கள். குளோரின் மிச்சமில்லை என்று சோதனைக் கிட்டில் பார்த்த பிறகு மதகைத் திறக்கலாம்.