பாடகரின் மூச்சோடு சேர்ந்து வாசித்தல்: பியானோ பக்கவாத்தியத்துக்கு ஒரு வழிகாட்டி

தனி வாசிப்புக்குப் பயின்ற பியானோ கலைஞர் பக்கவாத்தியத்துக்கு வரும்போது, முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது பயிற்சி செய்யும் முறையையே. தம் பகுதியைப் பிசகின்றி வாசிக்கத் தேறிய பிறகு பாடகரைச் சந்தித்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதற்குள் விரல்களுக்கு ஒரு வேகம் பழகிப்போய், அதை மாற்றுவது பெரும்பாடாகிவிடுகிறது. ஆகவே முதல் நாளிலிருந்தே பாட்டு வரியை வாய்விட்டுப் பாடிக்கொண்டு, இடக்கையை மட்டும் வாசித்துப் பழக வேண்டும். குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை. எந்த வரியில் மூச்சு போதவில்லை, எந்த உச்ச சுரத்துக்கு முன் சற்று அவகாசம் தேவை என்பவை பாடிப் பார்ப்பவருக்குத்தான் புரியும். அந்த இடங்களைப் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டால், ஒத்திகையில் பாடகர் அங்கே மூச்சு வாங்கும்போது தாளம் தடுமாறாது.

சொற்களின் ஒலியையும் கற்றாக வேண்டும். ஜெர்மன் மொழியில் தெருவைக் குறிக்கும் ‘ஷ்ட்ராஸ’ என்ற சொல் ஒரு தாளத்தட்டில் வருவதாகக் கொள்வோம். தேர்ந்த பாடகர் தொடக்கத்திலுள்ள மெய்யொலிகளைத் தட்டுக்குச் சற்று முன்பே உச்சரித்து, ‘ஆ’ என்னும் உயிரொலியைத் தட்டின் மேல் நிறுத்துவார். பியானோவின் சுரமும் அந்த உயிரொலியோடுதான் விழ வேண்டும். மெய்யொலி காதில் பட்டதுமே கையை இறக்குபவர் ஒவ்வொரு முறையும் நூலிழை முந்திவிடுகிறார். கேட்போருக்குக் காரணம் புலப்படாவிட்டாலும், இருவரும் ஒட்டவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஷூபெர்ட் 1815இல் இயற்றிய ‘எர்ல்கோனிக்’ பாடலை ஏற்பவர்கள், எந்தச் சுருதியில் பாடப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். தாழ்ந்த குரல்களுக்கு மாற்றி எழுதிய பதிப்புகளில் கறுப்புக் கட்டைகளின் இடம் மாறுவதால், பழகிய விரலமைப்பு உதவாது. குதிரையின் பாய்ச்சலாக ஒலிக்கும் வலக்கை ஆக்டேவ்கள் (ஒரே சுரத்தை மேல், கீழ் என இரு நிலைகளில் சேர்த்து அடிப்பவை) ஏறக்குறைய இறுதிவரை ஓயாமல் வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் அடித்தால் மணிக்கட்டு பாதியிலேயே இறுகிவிடும். தட்டின் முதல் சுரத்துக்கு மட்டும் எடை கொடுத்து, மற்றவற்றை மேலோட்டமாக வாசிக்க வேண்டும். கடினத்தைக் குறைத்த ஒரு வடிவத்தை ஷூபெர்ட்டே எழுதியிருக்கிறார் என்பதால், அதை நாடுவதில் இழுக்கு ஏதுமில்லை.

விரல் வேகத்தைவிடப் பொறுமையைக் கூடுதலாகச் சோதிப்பது ஷூமனின் ‘டிக்டர்லீபே’. 1840இல் எழுதப்பட்ட இந்த 16 பாடல்களில், இரண்டாம் பாடலின் வரிகள் குரலில் முடிவு பெறாமல் நிற்க, பியானோ மெல்லிய ஒலியில் அவற்றை முடித்துவைக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை எந்தக் குறியீடும் முழுமையாகச் சொல்லிவிடாது; பாடகரின் ஒலி அரங்கில் தேய்வதைக் கேட்டு அன்றன்றைக்குத் தீர்மானிக்க வேண்டியதுதான். கடைசிப் பாடலில் குரல் ஓய்ந்த பின், நீண்ட முடிவுரையைப் பியானோ தனித்து வாசிக்கிறது. பாடகர் பாடி முடித்துவிட்டாரே என்று அங்கே விரைவதை நான் மன்னிக்க முடியாத குறையாகவே கருதுகிறேன்.

தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து இசைக்கும் கான்செர்ட்டோக்களின் ஆர்கெஸ்ட்ராப் பகுதியைப் பியானோவுக்குச் சுருக்கித் தந்திருக்கும் பதிப்புகளில், அச்சிட்ட சுரங்கள் அனைத்தையும் வாசிக்க முயல வேண்டாம். அடிச்சுரங்களையும், தனி வாத்தியம் நம்பியிருக்கும் தாளத்தையும் காப்பாற்றி, நடுவிலுள்ள நெரிசலைத் தயங்காமல் விட்டுவிடலாம். மெண்டல்சோனின் இ மைனர் வயலின் கான்செர்ட்டோவில் வயலின் இரண்டாம் பாரிலேயே (தாளக் கட்டத்திலேயே) நுழைந்துவிடுவதால், வேகத்தைத் திருத்திக்கொள்ள அவகாசமே கிடைக்காது. வயலின் கலைஞரின் முதல் வரியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்த பிறகே கையை வைக்க வேண்டும்.

சில வாத்தியங்கள் மட்டும் சமமாகச் சேர்ந்து வாசிக்கும் சேம்பர் இசையில் நிலைமை வேறு. பேத்தோவன் தம் முதல் வயலின் சொனாட்டாக்களின் தலைப்பில் பியானோவையே முன்னால் வைத்தார். 1886இல் எழுதப்பட்ட ஃபிராங்கின் சொனாட்டாவிலோ வயலினைவிடப் பியானோவின் பகுதியே கடினம். அங்கே ஒதுங்கி வாசிப்பது இசையைக் கெடுத்துவிடும். ஒலியளவைச் சரிசெய்யப் பியானோவின் மூடியைத் தாழ்த்துவார்கள். அதனால் ஒலி மங்குமே தவிர, நெரிசல் தீராது. மூடியை முழுவதும் திறந்துவிட்டு, இடக்கையையும், ஒலியை நீட்டிக்கும் பெடலையும் குறைப்பதே சரி என்பது என் கருத்து. வயலின் குடும்பத்தின் தாழ்ந்த குரலான செல்லோவின் கீழ்ச் சுரங்களை மூடி மறைப்பது பெரும்பாலும் பியானோவின் இடக்கைதான். ஒத்திகையில் நம்பகமான ஒருவரை அரங்கின் பின்வரிசையில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். மேடையிலிருந்து இதை மதிப்பிட முடியாது.

ஒத்திகைகள் எத்தனை, ஊதியம் எவ்வளவு, பக்கம் புரட்டுபவர் உண்டா, இல்லை டேப்லெட்டும் கால்விசையுமா என்பவற்றை ஒப்புக்கொள்ளும்போதே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பக்கம் புரட்ட ஆள் வருவதாக இருந்தால், திரும்ப வாசிக்க வேண்டிய பகுதிகளையும் விட்டுவிடப்போகும் பகுதிகளையும் அவருக்கு முன்பே காட்டிவிட வேண்டும்.