பெரிய பவளத் தொட்டிக்கு மாறும்போது எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது

பவளமும் மீனும் வளர்க்கும் பெரிய உப்புநீர்த் தொட்டிக்கு மாறப்போகிறேன் என்று யார் சொன்னாலும் பேச்சு உடனே விளக்குக்குப் போய்விடும். எந்த எல்இடி, எத்தனை வாட், போனில் ஆப் உண்டா. நான் விளக்கைக் கிட்டத்தட்டக் கடைசியில்தான் வாங்கினேன். ஒவ்வொரு சாதனத்தையும் பார்க்கும்போது எனக்கு இருந்தது ஒரே கேள்வி: ராத்திரி இரண்டு மணிக்கு இது நின்றுபோனால், அல்லது நிற்காமல் ஓடினால், காலையில் என்ன மிஞ்சும்? 150 லிட்டரில் ஏதாவது கெட்டால் இரண்டு மூன்று வாளி புது நீர் ஊற்றிச் சமாளித்துவிடலாம். 400 லிட்டரில் அது நடக்காது. அவ்வளவு உப்புநீரைக் கலந்து தயாராக வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

முதலில் தொட்டி. நீளத்தைப் பார்த்து மயங்காதீர்கள். 150 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள தொட்டியைவிட 120-க்கு 60 உள்ளது பாறை அடுக்கத் தோதானது. பின்பக்கம் இடம் விட்டு அடுக்கலாம், நீரோட்டமும் பாறையைச் சுற்றிவரும். உயரம் 60 செ.மீ.க்கு மேல் வேண்டாம். அந்த உயரத்திலேயே அடிமணலைத் தொட எனக்குச் சட்டைக் கை நனைகிறது. 120×60×60 என்றால் 432 லிட்டர். உப்புநீர் மட்டுமே சுமார் 440 கிலோ. கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்ட், சம்ப் (கீழே வைக்கும் துணைத் தொட்டி) எல்லாம் சேர்ந்தால் 600 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். மாடியில் வைப்பதாக இருந்தால் கட்டடம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

அடுத்தது சம்ப். நேரம் எடுத்து யோசிக்க வேண்டிய இடம் இதுதான். மின்சாரம் போனதும், சம்பிலிருந்து நீரை மேலே தள்ளும் ரிட்டர்ன் பம்ப் நிற்கும். மேலே தொட்டியில், நீர் வழிந்து சம்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு மேல் நிற்கும் நீரெல்லாம் கீழே இறங்கும். 120-க்கு 60 தொட்டியில் நீர்மட்டம் 2.5 செ.மீ. குறைந்தால் அது 18 லிட்டர். குழாயில் இருப்பது வேறு. ரிட்டர்ன் குழாயின் வாய் நீருக்குள் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால், அந்த வாய்வரைக்கும் நீர் தலைகீழாக உறிஞ்சப்பட்டு இறங்கும். அதாவது 72 லிட்டர். அதனால் வாயை மேற்பரப்பை ஒட்டியே வையுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்னத் துளை போட்டுவிட்டால் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். அந்தத் துளையில் பாசியும் சுண்ணாம்புப் படலமும் அடைக்கும், மாதம் ஒருமுறை குத்தி எடுக்க வேண்டும். நீரை ஒரே பக்கம் மட்டும் விடும் செக் வால்வ் போட்டால் போதாதா என்பார்கள். அதன் மூடியில் ஒரு குட்டி நத்தை உட்கார்ந்தால் போதும், வால்வ் மூடாது. போடுங்கள், நம்பாதீர்கள். வாங்கப்போகும் சம்ப் ஓடும்போது எத்தனை லிட்டர் நிற்கும், விளிம்புவரை எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தரை நனையுமா நனையாதா என்பதைச் சொல்லும்.

வடிகாலுக்கு ஒரே குழாய் உள்ள தொட்டியை வாங்க மாட்டேன். என்னுடையதில் மூன்று: ஒன்று முழுக்க நீர் நிரம்பி ஓடும் சைஃபன், ஒன்று கொஞ்சமாக வழியும் திறந்த குழாய், மூன்றாவது எப்போதும் வறண்டு கிடக்கும் அவசரக் குழாய். சைஃபன் குழாயில் கைப்பிடியைத் திருப்பும் பால் வால்வ் வேண்டாம், சுற்றிச் சுற்றி மூடும் கேட் வால்வ் போடுங்கள். பால் வால்வைத் துளி திருப்பினாலே ஓட்டம் தாறுமாறாக மாறும். கேட் வால்வைக் கால் சுற்று, கால் சுற்றாக மூடிக்கொண்டே வந்தால் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் மட்டம் மெல்ல ஏறும். களகளவென்று உறிஞ்சும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும், அப்புறம் சட்டென்று அடங்கிவிடும். அங்கே நிறுத்துங்கள். பம்புக்கு இரு பக்கமும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) வைத்தால் கழற்றிக் கழுவ ரம்பம் தேட வேண்டியதில்லை. செம்பு, பித்தளை எதுவும் நீரில் படக் கூடாது.

ரிட்டர்ன் பம்புக்குப் பெரிய திறன் தேவையில்லை. தொட்டியின் கொள்ளளவைப் போல மணிக்கு ஐந்து மடங்கு சம்ப் வழியே சுற்றினால் போதும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எண் பூஜ்ய உயரத்துக்கானது. ஒன்றரை மீட்டர் மேலே தள்ளி, இரண்டு வளைவு தாண்டும்போது கணிசமாகக் குறையும். பெட்டியின் பக்கவாட்டில் உள்ள வரைபடத்தில் உங்கள் உயரத்துக்கான எண்ணைப் பாருங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிசி பம்ப் வசதிதான். என்றாலும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு உதிரி கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பவளத்துக்கு வேண்டிய அலையைத் தருவது வேவ்மேக்கர். மென்பவளம் மட்டும் என்றால் கொள்ளளவைப் போல மணிக்குப் பத்து முதல் இருபது மடங்கு. அக்ரோபோரா போன்ற கல்பவளம் என்றால் முப்பது, நாற்பது மடங்குக்கும் போவார்கள். ஒரே பெரிய வேவ்மேக்கரைவிட எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு நடுத்தரமானவை மேல். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும், மணலும் ஒரே மூலையில் குவியாது. இவற்றில் ஒன்றாவது பேட்டரியில் ஓடக்கூடியதாக இருக்கட்டும். நீண்ட மின்வெட்டில் மீன் முதலில் தவிப்பது ஆக்சிஜனுக்குத்தான். மேற்பரப்பு அசைந்துகொண்டிருந்தால் பிழைத்துவிடும்.

கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் பெட்டியில் ‘1000 லிட்டர் வரை’ என்றிருக்கும். பக்கத்திலேயே பொடி எழுத்தில், மீன் நிறைய இருந்தால் அதில் பாதி என்றும் இருக்கும். அந்தப் பொடி எழுத்தைத்தான் நம்ப வேண்டும். அதற்காக ஒரேயடியாகப் பெரிதாகவும் போகாதீர்கள். மீன் குறைவாக இருந்தால் பெரிய ஸ்கிம்மரின் கழுத்தில் நுரை நிற்காது, கோப்பை காலியாகவே கிடக்கும். எந்த நீர்மட்டத்தில் நிற்க வேண்டும் என்று அதோடு வரும் கையேட்டில் பாருங்கள். சம்பில் அந்த அறையின் மட்டம் அதோடு பொருந்தாவிட்டால் அடியில் முட்டுக் கொடுக்க வேண்டிவரும்.

ஹீட்டர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். 300 வாட்டில் ஒன்று வேண்டாம், 150 வாட்டில் இரண்டு, இரண்டையும் தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக. ஹீட்டர் கெட்டால் பெரும்பாலும் உள்ளிருக்கும் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு அணையாமல் நிற்கும். 300 வாட் அப்படி நின்றால், வெளியே போகும் சூட்டைக் கழிக்காமல் பார்த்தால், 400 லிட்டரை மணிக்கு அரை டிகிரிக்கு மேல் ஏற்றும். விடிவதற்குள் 25 டிகிரி 29 ஆகிவிடும். 150 வாட் என்றால் அதில் பாதிதான், கவனிக்க நேரம் கிடைக்கும். வெயில் ஊர்க்காரர்களுக்கு ஹீட்டரைவிட நீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் கவலை. முதலில் சம்ப் மேல் ஒரு மின்விசிறியை வைத்துப் பாருங்கள். காற்று வறண்டிருந்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆவியாகும் நீரும் கூடும்.

ஆவியாவதை ஈடுகட்ட, தானாக நீர் சேர்க்கும் ஆட்டோ டாப் ஆஃப் வேண்டும். ஆவியாவது நன்னீர், உப்பு அங்கேயே தங்கும். எனவே நன்னீரைத்தான் திருப்பி ஊற்ற வேண்டும், அதுவும் ஆர்ஓ டிஐ நீர் (கரைந்த உப்பெல்லாம் வடிகட்டி நீக்கிய நீர்). சென்சார் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். நன்னீர் வைக்கும் டப்பாவைப் பெரிதாக வாங்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள். சென்சார் கெட்டு டப்பா முழுக்க உள்ளே போனால் என்ன ஆகும்? 400 லிட்டரில் 20 லிட்டர் சேர்ந்தால் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35-லிருந்து 33.3-க்கு இறங்கும், பவளம் சுருங்கும், மீண்டுவிடும். 80 லிட்டர் சேர்ந்தால் 29. அது வேறு கதை. சம்பில் அந்த 20 லிட்டருக்கும் இடம் இருக்க வேண்டும்.

இப்போது விளக்கு. 60 செ.மீ. அகலத் தொட்டியில் திறனைவிடப் பரவல் முக்கியம். நடுவில் ஒரே சக்திவாய்ந்த விளக்கு மாட்டினால் நேர் கீழே உள்ள பவளம் வெளுக்கும், ஓரங்கள் இருளும், பாறைக்கு ஒரு பக்கம் கரிய நிழல் விழும். 120 செ.மீ.க்கு இரண்டு எல்இடி, முடிந்தால் இரு பக்கமும் டி5 குழல்விளக்கு. மென்பவளத்துக்கு ‘பார்’ அளவு (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) 50 முதல் 100 போதும். கல்பவளத்துக்கு 200 முதல் 350. பார் மீட்டரை விலைக்கு வாங்க வேண்டாம், ஒரு நாளைக்கு இரவல் கிடைத்தால் போதும். பழைய தொட்டியின் பவளங்களைப் புது விளக்கின் கீழே வைக்கும்போது முப்பது, நாற்பது சதவீதத்தில் ஆரம்பித்து வாரக்கணக்கில் ஏற்றுங்கள்.

கால்சியம் போன்றவற்றைத் தானாக அளந்து ஊற்றும் டோசிங் பம்பைத் தொட்டியோடு சேர்த்து வாங்காதீர்கள். பவளம் குறைவாக இருக்கும் முதல் மாதங்களில் நீர் மாற்றுவதே கால்சியத்தையும் காரத்தன்மையையும் நிறைத்துவிடும். காரத்தன்மையைத் தினமும் ஒரே நேரத்தில் சோதித்து எழுதுங்கள். 8.5 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) மறுநாள் 8.4, அதற்கடுத்த நாளும் 8.4 என்றால் இன்னும் வேளை வரவில்லை. நாளுக்கு 0.3, 0.5 என்று இறங்க ஆரம்பித்து, நீர் மாற்றி ஈடுகட்ட முடியாமல் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். எத்தனை மில்லி ஊற்ற வேண்டும் என்பதும் அதற்குள் உங்கள் நோட்டிலேயே இருக்கும்.