அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு: வயிறும் காலும் கெடாமல் ஊர் திரும்ப

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்களுக்குப் பயணம் ஓயாது. இன்று சென்னை, அடுத்த வாரம் கான்பூர், நடுவில் பெங்களூரு. டிக்கெட் போடுவதும் பை அடுக்குவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதனால் நேராக உடம்புக்கு வருகிறேன்.

முதல் வேலை, சாப்பாடு. கிளம்புவதற்கு முந்தைய இரவு பிரியாணி வேண்டாம், ஊர் திரும்பிய பிறகு நிம்மதியாகச் சாப்பிடலாம். வழிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லிதான் என் தேர்வு. தேங்காய்ச் சட்னியைத் தொடாதீர்கள், வேலூர் வெயிலில் காட்பாடி தாண்டுவதற்குள் புளித்துவிடும். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில், அதுவும் அகல வாய் உள்ளது. ஏன் என்பது கீழே.

இரண்டாவது, கால். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கெண்டைக்காலில் ரத்தம் தேங்கும், சிலருக்குக் கட்டியாகவும் உறையும். நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்குங்கள். மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். முடியாதபோது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். ஒரே கால் மட்டும் வீங்கி வலித்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மூன்றாவது, ஓ.ஆர்.எஸ்., அதாவது வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி. பலரும் தடுமாறுவது இங்கேதான். மருந்துக்கடையில் இரண்டு அளவில் பாக்கெட் கிடைக்கும். பெரியது, சுமார் 21 கிராம், 1 லிட்டர் தண்ணீருக்கு. சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பும் சர்க்கரையும் அளவு மீறி, குடல் தண்ணீரை உள்ளே இழுப்பதற்குப் பதில் வெளியே விடும். வயிற்றுப்போக்கு கூடும். பாதிப் பாக்கெட்டை மடித்து வைப்பதும் சரியில்லை, பொடியில் உப்பு எந்தப் பாதியில் அதிகம் என்று யாருக்குத் தெரியும்? முழுப் பாக்கெட், முழு லிட்டர். அகல வாய்ப் பாட்டில் சொன்னது இதற்குத்தான்: பொடி சிந்தாது, கழுவவும் எளிது. 1 லிட்டர் பாட்டிலாக இருந்தால் அளவுக்கும் கவலையில்லை. கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள், மீந்தால் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்கு போன பிறகும் ஒரு டம்ளர், மடமடவென்று இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக.

பாக்கெட் கிடைக்காத ஊரா? காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு மட்டும் இந்த அளவைத் தாண்டவே கூடாது.

பிறகு சேர்த்தது: அட்டைப் பெட்டியில் வரும் இனிப்பு பானம் போதாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். போதாது. அவற்றில் பலவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே வரக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பழைய சரக்கு எங்காவது இருக்கலாம், பின்பக்கம் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, சர்க்கரை நோய் உள்ளவர்களும் வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். குடிக்கலாம். ஆனால் ரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொண்டு, தங்கள் மருத்துவரிடம் போனிலாவது கேட்டுக்கொள்ள வேண்டும். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல் இருந்தால் யாராக இருந்தாலும் மருத்துவமனைக்குத்தான்.